கேக் செய்த கையா, நாவல் எழுதிய கையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஃபின்லாந்தின் ஃபிரெட்ரிகா ரூனெபெர்க் நினைவில் நிற்க வேண்டியது தேசியக் கவியின் மனைவியாகவா, சரித்திர நாவலாசிரியராகவா? இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா உருக்கமாகப் பேசினார்கள். 1863இல் பக்கவாதத்தில் விழுந்த கணவரை 1877இல் அவர் கண்மூடும் வரை பார்த்துக்கொண்டார், படுக்கையருகே அமர்ந்து புத்தகம் வாசித்துக் காட்டினார் என்றார்கள். அத்தனையும் உண்மை. கைகூப்புகிறேன். ஆனால் ஃபிரெட்ரிகா அம்மையார் எழுதியதைப் பற்றி ஒரு வரி வரவில்லையே!

நான் சொல்கிறேன். எட்டுப் பிள்ளை பெற்றவர். போர்வோ ஊரில் அடுப்பும் தொட்டிலும் விருந்தாளியும் போக மிஞ்சிய நேரத்தில், 1840களின் தொடக்கத்தில், ஸ்வீடிஷ் மொழியில் ஒரு சரித்திர நாவல் எழுதினார். 'திருமதி கத்தரீனா போயேயும் அவர் மகள்களும்' என்று பெயர். அச்சேறியது எப்போது தெரியுமா? 1858இல்! அதற்குள் 1850இலேயே தொபேலியஸ் என்ற இன்னொரு ஃபின்லாந்து எழுத்தாளரின் சரித்திர நாவல் வெளிவந்துவிட்டது. முன்னால் எழுதியவர் வரிசையில் பின்னால் போனார்.

அந்த நாவலின் காலம், 1713 முதல் 1721 வரை ரஷ்யப் படை ஃபின்லாந்தைப் பிடித்து வைத்திருந்த காலம். 'பெருஞ்சினம்' என்று அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள். கணவரின் போர்க்கவிதைகளைப் படித்தால் களத்தில் சிப்பாயோடு நிற்போம். மனைவியின் நாவலோ நம்மைப் பண்ணைவீட்டுக்குள் கூட்டிப்போகிறது. வெளியே போர். உள்ளே, மகளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று தானே முடிவுசெய்யும் தாய். போர் நடந்தால் வீட்டுக்குள் என்ன நடக்கும்? அதைச் சரித்திரமாக நினைத்த பேனா, ஐயா, அது!

1862இல் இரண்டாவது நாவல், 'சீக்ரிட் லில்யேஹோல்ம்'. 1596இல் குடியானவர்கள் தடியெடுத்துக் கிளம்பிய கலகத்தின் காலம். விமர்சனம் கடுமையாக விழுந்தது. அதோடு நாவலை விட்டார்.

இன்று? பிப்ரவரி 5, கணவர் பிறந்தநாள். ஃபின்லாந்து பேக்கரிகளில் உருளை வடிவில் பாதாம் கேக், தலையில் ராஸ்ப்பெரி ஜாம், சுற்றிச் சர்க்கரை வளையம். பெயர் 'ரூனெபெர்க் கேக்'. அந்த அம்மையாரின் கைப்பக்குவம் என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள். சாப்பிடட்டும். நாவலையும் கையில் எடுக்கட்டும் என்கிறேன்.

அவர் 1879இல் மறைந்தார். எழுதிவைத்த நினைவுக்குறிப்பு 1946இல்தான் நூலானது. அதன் தலைப்பு 'என் பேனாவின் கதை'. நடுவர் அவர்களே, அந்தப் பேனாவுக்குத் தீர்ப்புக் கேட்டு அமர்கிறேன். நன்றி.