இசைத்தட்டில் பாக்கின் பள்ளிப் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

18-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் தேவாலயத்துக்கென்று இயற்றியவற்றுள் கான்டாட்டா என்னும் வகையைச் சேர்ந்தவை மட்டுமே ஏறத்தாழ 200 இன்று நமக்குக் கிடைக்கின்றன. ஞாயிறு வழிபாட்டில், அன்றைய நற்செய்தி வாசகத்தை ஒட்டி, பாடற்குழுவும் தனிப்பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் இசைத்து முடிப்பதற்காக எழுதப்பட்டவை அவை. இவை அனைத்தையும் இசைத்தட்டுகளாக வெளியிடும் பணியை டெல்டெக் நிறுவனம் 1971-இல் தொடங்கியது. வியன்னாவில் நிகோலாஸ் ஹார்னன்கோர்ட்டும் ஆம்ஸ்டர்டாமில் குஸ்டாவ் லியோன்ஹார்ட்டும், தத்தம் இசைக்குழுக்களை நடத்தி, அதைப் பகிர்ந்துகொண்டார்கள். பணி முடிய ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. பாதி வழியிலேயே, 1980-இல், இருவருக்கும் சேர்த்து எராஸ்மஸ் பரிசு வழங்கப்பட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் தட்டுகளோடு முழு இசைக்குறிப்பு நூலையும் வைத்துக் கொடுத்தார்கள். கேட்பவர் வரி பிசகாமல் பின்தொடரலாம்.

பாக் காலத்து வாத்தியங்களைக் கொண்டு, இன்றைய சுருதியைவிட அரைச் சுரம் தாழ்த்தி வாசித்தது அந்த வரிசையின் ஒரு சிறப்பு. ஆனால் வெளிவந்த நாளில் கேட்டவர்களை அதைவிட அதிகம் திகைக்க வைத்தது வேறொன்று. குழுப்பாடலில் மட்டுமல்லாமல், தனியாகப் பாடவேண்டிய கடினமான ஆரியாக்களிலும் சோப்ரானோ என்னும் மிக உயர்ந்த குரலுக்குரிய பகுதியைச் சிறுவர்களிடமே ஒப்படைத்திருந்தார்கள். சிறுவர் பாடற்குழுக்கள் பாடிய, பரோக் எனப்படும் 1600–1750 காலத் திருச்சபை இசைப் பதிவுகளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட நான் அந்த வரிசையை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவதே முறை என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆலயங்களில் பெண்கள் பாட அக்காலத்தில் அனுமதி இல்லை. 1723-இல் அங்கே இசைப் பொறுப்பேற்ற பாக், புனித தோமா பள்ளியில் தங்கிப் படித்த பிள்ளைகளைக் கொண்டே நகரின் நான்கு ஆலயங்களுக்கும் இசை வழங்கவேண்டியிருந்தது. 1730 ஆகஸ்டில் நகர மன்றத்துக்கு அவர் எழுதிய விண்ணப்பம் இன்றும் இருக்கிறது. கையில் உள்ள 54 பேரில் 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இனிமேல்தான் தேறவேண்டும், மீதி 17 பேர் எதற்கும் உதவமாட்டார்கள் என்று அதில் ஒளிவுமறைவு இல்லாமல் கணக்குக் காட்டுகிறார். அந்தப் பிள்ளைகள் ஞாயிறு வழிபாட்டில் பாடியதோடு, தெருவில் பாடிக் காசு சேர்த்தார்கள். திருமணங்களிலும் சவ ஊர்வலங்களிலும் பாடினார்கள். (அதே ஆண்டு ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் காற்று நலமாக வீசினால் சாவுகள் குறைந்து தன் வருமானம் போய்விடுகிறது என்று பாக் அலுத்துக்கொள்கிறார்; தேவாலய இசை என்றதும் நம் மனத்தில் எழும் மெழுகுவர்த்திச் சூழலை இந்த ஒரு வரி போக்கிவிடும்.) ஆக, பாக் எழுதியது படிப்போடு பாட்டையும் தொழிலாகச் செய்த, சில நாள் தொண்டை கட்டிக்கொண்டும் நின்ற, பள்ளிப் பிள்ளைகளுக்காக.

இதை மறந்துவிட்டுத்தான் நாம் பெரும்பாலும் சிறுவர் குரலைக் கேட்கிறோம். அதைத் தேவதூதர் குரல் என்று சொல்லி முடித்துவிடுவது பழக்கமாகிவிட்டது. இந்தப் புகழ்ச்சியால் பாக்கின் இசைக்கு நன்மை விளைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும் பங்கு இங்கிலாந்தின் ஒலிப்பதிவுகளுக்கு உண்டு. 1963-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் குழு டேவிட் வில்காக்ஸின் தலைமையில் இத்தாலிய இசையமைப்பாளர் அல்லேக்ரியின் மிசரேரே என்ற வழிபாட்டுப் பாடலைப் பதிவு செய்தது. அதில் உச்ச ஸ்தாயிச் சுரத்தைத் தொட்டுத் திரும்பும் பன்னிரண்டு வயது ராய் குட்மனின் குரலைப் பாராட்டாதவர் இல்லை. நானும் பாராட்டுகிறேன். ஆனால் அல்லேக்ரி 1630-களில் அதை எழுதியது உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு. அங்கே மேல் பகுதியைப் பாடியவர்கள் விதையடிக்கப்பட்ட ஆண் பாடகர்களும் கள்ளக்குரலில் பாடிய ஆண்களும். அந்த உச்சச் சுரமே 19-ஆம் நூற்றாண்டில் படியெடுத்தவர்களின் குழப்பத்தால் நுழைந்தது. சிறுவர் குரலின் தூய்மைக்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் பதிவு, சிறுவர்களுக்காக எழுதப்படாத ஒரு படைப்பு, எழுதப்படாத ஒரு சுரம், இலத்தீனுக்குப் பதில் ஆங்கிலச் சொற்கள். அழகாக இருப்பதற்கு இதெல்லாம் தடையில்லை. பரோக் இசையில் சிறுவர் குரலின் இடத்தை இதைக்கொண்டு அளப்பதுதான் தவறு.

கிங்ஸ் கல்லூரியின் ஒலி, அந்தக் கட்டடத்தின் ஒலியும் கூட. உயர்ந்த கல் விதானத்தில் எதிரொலி சில விநாடிகள் நின்று கரைகிறது. அதற்கேற்ப, மெய்யெழுத்துகளை மெலிதாக்கி, உயிரெழுத்துகளை ஒன்றாக்கி, நெஞ்சின் கனம் ஏறாத தலைக்குரலில் பாடச் சிறுவர்களைப் பழக்கினார்கள். ஆங்கிலத் தேவாலய மரபுக்கு அது பொருந்தும். பாக்கின் ஜெர்மன் சொற்களுக்கோ பல்லும் நாக்கும் வேண்டும்.

அதற்கு நேர்மாறான ஒலியைக் கேட்கவேண்டுமானால் பவேரியாவின் பாட் டோல்ஸ் ஊருக்குப் போகவேண்டும். அங்கே 1956-இல் கெர்ஹார்ட் ஷ்மிட்-காடன், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், ஒரு சிறுவர் பாடற்குழுவைத் தொடங்கினார். பழைய ஆலயத்தின் மானியமோ நூற்றாண்டுகளின் மரபோ அதற்கு இல்லை. அவர் செய்தது, குழுவாகப் பயிற்றுவதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே குரற்பயிற்சி கொடுத்தது. ஹார்னன்கோர்ட் தொடக்கத்தில் வியன்னா சிறுவர் குழுவை வைத்துக் கான்டாட்டாக்களைப் பதிவு செய்தார். பின்னர் டோல்ஸ் பிள்ளைகளிடம் வந்தார். இரண்டு காலத்துத் தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாட்டை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. டோல்ஸ் குரல்களில் கனம் உண்டு, ஓரம் உண்டு, சில இடங்களில் முரட்டுத்தனமும் உண்டு. ஒரு சொல்லின் முதல் எழுத்தை அடித்துச் சொல்கிறார்கள். மூச்சு எங்கே வாங்குகிறார்கள் என்பது கேட்கிறது. ஓபோ என்ற துளைக்கருவியோடு ஓர் ஆரியாவில் இழைந்து வரும்போது, அந்தப் பிள்ளை வாத்தியக்காரனுக்குச் சரிநிகராக வேலை செய்கிறான் என்ற உணர்வு எழுகிறது. பழைய வாத்தியங்களின் ஒலி அடக்கமானது என்பதால் சிறுவன் கத்தவேண்டிய தேவையும் இல்லை. பாக் கணக்கிட்ட அளவு இதுவாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

லியோன்ஹார்ட் தம் பங்கில் ஹனோவர் சிறுவர் குழுவையே பெரிதும் நம்பினார். ஆனாலும் 51-ஆம் எண் கான்டாட்டாவை, எக்காளத்தோடு போட்டியிட்டு உச்சஸ்தாயி வரை ஓடும் அந்தப் படைப்பை, மரியான் குவெக்சில்பர் என்ற பாடகியிடம் கொடுத்தார். கொள்கைக்காக இசையைப் பலியிடாத அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

இந்தத் தட்டுகளின் மீது சொல்லப்படும் குறை பழையது, நியாயமும் உள்ளது. நீண்ட வாக்கியங்களில் மூச்சுப் போதவில்லை. சில இடங்களில் சுருதி விலகுகிறது. மரணத்தையும் மன்னிப்பையும் பற்றிய சொற்களைப் பொருள் உணராமல் பாடுவதுபோல் இருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல முயல்பவர்கள் ஒரு முக்கியமான செய்தியைக் கவனிக்கவேண்டும். நம் நாடக சபைக்காரர்கள் மகரக்கட்டு என்று சொல்லும் குரல் உடையும் பருவம் 18-ஆம் நூற்றாண்டில் இன்றையதைவிடப் பிந்தியே வந்தது. பாக் தம் பதினைந்தாம் வயதில் லூனபர்க் நகருக்குப் போனபோது சோப்ரானோ பாடகராகவே சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான ஹைடன், வியன்னாவில் 1749-இல், பதினேழு வயதில்தான், குரல் உடைந்ததால் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். இன்றோ பதின்மூன்றிலேயே பலருக்கும் குரல் உடைந்துவிடுகிறது. அப்படியானால் பாக்கின் முதன்மைச் சோப்ரானோ, பத்தாண்டுப் பயிற்சியும் வளர்ந்த நுரையீரலும் உள்ள, தானே வாத்தியமும் வாசிக்கத் தெரிந்த பதினாறு வயது இளைஞனாக இருந்திருக்கலாம். இன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் நிற்பவன் அவனைவிட மூன்று நான்கு வயது இளையவன். பழைய வாத்தியத்தைத் தச்சன் மறுபடி செய்துவிடலாம். பழைய குரலை எவராலும் செய்யமுடியாது. இந்தப் பதிவுகளை அப்படியே பாக் கேட்ட ஒலி என்று விற்றவர்கள் அளவுக்கு மீறிச் சொன்னார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றைத் தள்ளிவிட இது காரணமாகாது.

ஏன் என்பதற்கு மத்தேயு நற்செய்தியின்படி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ என்ற படைப்பின் முதல் குழுப்பாடலை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பாடற்குழுக்கள் எதிரெதிரே நின்று கேள்வியும் விடையுமாகப் புலம்ப, அவற்றுக்கு மேலே சோப்ரானோக்கள் மட்டும் ‘தேவனுடைய குற்றமற்ற ஆட்டுக்குட்டியே’ என்ற பழைய ஞானப்பாட்டை இழுத்துப் பாடுகிறார்கள். கார்ல் ரிக்டர் 1958-இல் செய்த புகழ்பெற்ற பதிவில் பெரியவர்களின் குழு புலம்ப, அந்த ஒரு வரிக்கு மட்டும் சிறுவர்களை அழைத்து வந்தார்கள். அது வானத்திலிருந்து இறங்குவதுபோல் கேட்கிறது. மனத்தை உருக்கவும் செய்கிறது. லியோன்ஹார்ட் 1989-இல் டோல்ஸ் பிள்ளைகளோடும் ஆண் தனிப்பாடகர்களோடும் மட்டும் செய்த பதிவில் அந்த வேறுபாடு இல்லை. புலம்புபவர்களும் சிறுவர்கள், ஞானப்பாட்டைப் பாடுபவர்களும் சிறுவர்கள். ஒரே வகுப்பின் பிள்ளைகள் வேறு வேறு வரிகளைப் பாடுகிறார்கள். பாட்டு வானத்திலிருந்து வரவில்லை, சபையின் நடுவிலிருந்தே எழுகிறது. அந்தச் சபை அன்றாடம் பாடிய பாட்டுத்தானே அது? அதே படைப்பில் திரும்பத் திரும்ப வரும் முள்முடி சூடிய சிரசைப் பற்றிய ஞானப்பாட்டு, தமிழ்ப் பாமாலையிலும் இடம்பெற்று, நம் சபைகளில் பெரிய வெள்ளிக்கிழமைதோறும் பாடப்படுகிறது. பரம்பரையாகப் பாமாலை பாடி வளர்ந்தவர்களுக்கு லியோன்ஹார்ட்டின் பதிவு புரிவதற்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

சாக்சனி மாநிலத்தின் இரண்டு பழைய குழுக்களைச் சொல்லாமல் விடமுடியாது. 1212-இல் தொடங்கிய லைப்சிக் தோமா குழுவுக்கு வானொலியோடும் உறவு உண்டு: கார்ல் ஸ்ட்ராவ்பே தலைமையில் 1931 முதல் அவர்கள் பாடிய பாக் கான்டாட்டாக்கள் ஞாயிறுதோறும் ஒலிபரப்பாயின. அவருக்குப் பின்வந்த குன்டர் ராமின் 1941-இல் மத்தேயு பாடுகளைச் சுருக்கிப் பதிவு செய்தார். டிரெஸ்டன் திருச்சிலுவைக் குழுவை ருடால்ஃப் மவர்ஸ்பெர்கர் 1930-இலிருந்து நாற்பது ஆண்டுகள் நடத்தினார். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் அக்குழுவின் பதினொரு சிறுவர்கள் மாண்டார்கள். பாக்குக்கு நூறாண்டு மூத்த ஹைன்ரிக் ஷூட்ஸின் இசையைக் கேட்க மவர்ஸ்பெர்கரின் தட்டுகளே எனக்கு இன்றும் முதல் துணை. 1970-இல் ருடால்ஃபும், அப்போது தோமா ஆலயப் பொறுப்பில் இருந்த அவர் தம்பி எர்ஹார்டும், தங்கள் இரு குழுக்களையும் ஒன்றாக நிறுத்தி மத்தேயு பாடுகளைப் பதிவு செய்தார்கள். சுவிசேஷகராகப் பாடிய பீட்டர் ஷ்ரையரும் இயேசுவாகப் பாடிய தியோ ஆடமும் அதே டிரெஸ்டன் குழுவில் சிறுவர்களாகப் பாடி வளர்ந்தவர்கள். இந்தக் குழுக்களில் குரல் உடைந்த பிள்ளை வெளியே போவதில்லை. ஓய்வுக்குப் பின் டெனராகவோ பேஸாகவோ, அதாவது ஆண்களுக்குரிய தாழ்ந்த குரல்களில் ஒன்றோடு, திரும்பி வந்து பள்ளி முடியும்வரை பாடுகிறான். கீழ்ப்பகுதிகளும் பதினாறு, பதினெட்டு வயதுக் குரல்களாக இருப்பதால் குழுவின் அடித்தளமே இலேசாக இருக்கிறது. இங்கிலாந்தின் குழுக்களில் அந்த இடத்தில் வளர்ந்த ஆண்கள் நிற்கிறார்கள்.

பாக்கின் சமகாலத்தவரான, இலண்டனில் இசையமைத்த ஹேண்டலைப் பற்றி ஒரு சொல். 1751-இல் அவர் மேசியா என்ற தம் பெரிய பாடற்குழுப் படைப்பை இசைத்தபோது சோப்ரானோ ஆரியாக்களைச் சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்தார். அந்த வடிவத்தை ஆக்ஸ்ஃபோர்டு நியூ கல்லூரிக் குழுவோடு எட்வர்ட் ஹிகின்பாட்டம் நாக்சோஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்திருக்கிறார். மற்றபடி, பரோக் காலத்துத் திருச்சபை இசை எல்லாமே சிறுவர்களுக்குரியது என்று எண்ணிவிடவும் கூடாது. வெனிஸில் விவால்டி எழுதியது அனாதை இல்லத்துப் பெண்களுக்காக.

டெல்டெக் வரிசைக்குப் பின் கான்டாட்டாக்கள் முழுவதையும் பதிவு செய்த டோன் கோப்மனும் மசாகி சுசுகியும் பெண் சோப்ரானோக்களையே தேர்ந்தார்கள். ஹாலந்து சிறுவர் குழுவோடு பீட்டர் யான் லோய்சிங்க் செய்த முழுத் தொகுப்பிலும் குழுப்பாடல் மட்டுமே சிறுவர்களுக்கு, ஆரியாக்கள் பெரியவர்களுக்கு. காரணம் எளிது. ஒரு சிறுவன் ஆரியா பாடும் அளவுக்குத் தேறி, குரல் உடைவதற்கு முன் கிடைக்கும் காலம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். பள்ளி நாள்கள், தேர்வுகள், சளிக் காய்ச்சல் எல்லாம் அதற்குள் அடக்கம். இருபது ஆண்டு நீளும் ஒரு வரிசைக்குப் புதிய புதிய பிள்ளைகளைத் தேடிப் பழக்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

இசை நடத்துநர் ஆண்ட்ரூ பேரட் 1984-இல் பாக்கின் பி மைனர் மாஸ் என்ற இலத்தீன் வழிபாட்டு இசையைப் பதிவு செய்தபோது, சோப்ரானோவுக்கு அடுத்துக் கீழே வரும் ஆல்டோ பகுதிக்கு டோல்ஸிலிருந்து மூன்று சிறுவர்களை வரவழைத்தார். அவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் இம்லர் பின்னாளில் தாழ்ந்த குரலில் பாடும் பேஸ்-பாரிடோன் பாடகராக வளர்ந்து, சுசுகியின் மத்தேயு பாடுகள் பதிவொன்றில் பாடியிருக்கிறார். இரண்டையும் வாங்கிக் கேளுங்கள். முதலில் பேரட்டின் பதிவு. அதில் சொற்களைக் கடித்துப் பாடும் அந்த ஆல்டோக்களை, முடிந்தால் இலத்தீன் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கவனியுங்கள்.

நன்றி. வணக்கம்.