இனம் அல்ல, வீட்டு நிலைமையே

நடுவர் அவர்களே, வன்னி மண்ணின் சபையோரே, வணக்கம்.

பிள்ளைகள் பல்கலைக்கழகத்தைத் தெரிவது இனம் பார்த்தா, வீட்டு நிலைமை பார்த்தா என்பதுதான் இன்றைய வாதம். எதிரணித் தலைவர் அழகாக மூன்று கோடு கீறினார். தமிழ்ப் பிள்ளை யாழ்ப்பாணம், முஸ்லிம் பிள்ளை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், சிங்களப் பிள்ளை பேராதனை. இனம் பார்த்துத்தான் கம்பஸ் எடுக்கிறார்களாம். நானும் கைதட்டினேன், பேச்சுக்காக.

சரி, கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போய்ப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அங்கேதான். தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ஒலுவில் பொறியியல் பீடத்திலும் படிக்கிறார்கள். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான எங்கள் பம்பைமடு வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் அதே கதைதான். இவர்கள் இனம் பார்த்தா வந்தார்கள்? உயர்தரப் பரீட்சையில் எடுத்த இசட் புள்ளி கொண்டுவந்து விட்டது ஐயா!

கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டத்துக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதில் இனம் எங்கே? முல்லைத்தீவு மாவட்டத்தில் தமிழ்ப் பிள்ளைக்கும், அதே மாவட்டத்து வெலிஓயாச் சிங்களப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளிதான்.

அப்புறம், விண்ணப்பம் நிரப்புகிற இரவை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை விரித்துவைத்துப் பிள்ளை விருப்ப வரிசை எழுதுகிறான். பக்கத்தில் அம்மா. "தம்பி, ஹொஸ்ரல் கிடைக்குமோ? போர்டிங் எண்டால் மாசம் எவ்வளவு? மகாபொல புலமைப்பரிசில் காசு எப்ப வரும்?" தகப்பன் இல்லாத வீடுகள் வன்னியில் கொஞ்சமா? நெல் விற்ற காசு கடனுக்கே போய்விடும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்றால் பம்பைமடு இரண்டு வரி மேலே ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

கலைப்பிரிவுப் பிள்ளை யாழ்ப்பாணமும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் எழுதுகிறாளே என்பார்கள். தமிழ்மொழி மூலம் படித்தவள் தமிழில் விரிவுரை கேட்க ஆசைப்படுகிறாள். தமிழில் படித்த முஸ்லிம் பிள்ளைக்கும் அதே ஆசை உண்டு.

பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2009ஐக் கண்ட தாய் பிள்ளையைத் தெற்குக்கு அனுப்பத் தயங்குவாள். ஆனால் காலியில் மருத்துவபீடம் கிடைத்தபிறகு "போகாதே" என்று மறிக்கிற தாய் எத்தனை பேர்? பெட்டியைக் கட்டிக்கொடுத்து, பருப்புப் பொடியும் மிளகாய்த்தூளும் வைத்துத்தான் பஸ் ஏற்றுகிறாள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு கேள்வியோடு அமர்கிறேன். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் பதில் சொல்லட்டும்: இனம்தான் காரணமென்றால், பொறியியலுக்கு நல்ல புள்ளி எடுத்த கிளிநொச்சிப் பிள்ளை, பக்கத்திலிருக்கும் அறிவியல் நகரை விட்டுவிட்டு, மொறட்டுவையை ஏன் முதலாவதாக எழுதுகிறான்?