51 வருஷம் யாருமே உடைக்காத லெட்டர்! உள்ள இருந்தது இதுதானா? | சோடியாக் கில்லர்

கொலை பண்ணிட்டு ஒருத்தன் பொடிநடையா போறான், எதிர்ல போலீஸ் கார் வருது, அவன பாக்குறாங்க, ஆனா புடிக்கல! ஏன்னா வயர்லெஸ்ல கறுப்பின ஆளத் தேடுங்கன்னு தப்பா சொல்லிட்டாங்க, நடந்து போறவன் வெள்ளக்காரன். 1969 அக்டோபர் 11, சான் பிரான்சிஸ்கோ, செத்தது ஒரு டாக்ஸி டிரைவர். போனவன்தான் சோடியாக்னு போலீஸே அப்புறம் நம்புச்சு. இன்னிக்கு வரைக்கும் சிக்கல.

வணக்கம் மக்களே, தண்டையார்பேட்டை மொட்டமாடில இருந்து பேசுறேன், பின்னாடி உறுமுறது கண்டெய்னர் லாரி, எண்ணூர் ஹை ரோடு பக்கத்துல வீடு இருந்தா இதான் பேக்ரவுண்ட் மியூசிக், பொறுத்துக்கோங்க.

ஹிஸ்டரி சுருக்கமா: 1968 டிசம்பர்ல ஆரம்பம், கலிபோர்னியால 5 பேர கொன்னது உறுதி, 2 பேர் பொழச்சிக்கிட்டாங்க, அவன் 37ன்னு பீத்திக்கிட்டான். போதும், மேட்டருக்கு வரேன்.

(ஸ்க்ரீன்ல அந்த லெட்டர்)

இவன் பத்திரிகைக்கு ரகசிய எழுத்துல லெட்டர் போடுவான். மொத லெட்டர ஒரு ஸ்கூல் வாத்தியாரும் அவர் சம்சாரமும் சில நாள்லயே உடைச்சிட்டாங்க. கடுப்பாயிட்டான் போல, நவம்பர்ல அடுத்தது அனுப்புறான் பாருங்க, 340 சிம்பல், ஒரு வரிக்கு 17, மொத்தம் 20 வரி. எஃப்பிஐ வரைக்கும் முட்டி மோதியும் ஒண்ணும் வேலைக்காவல.

ட்ரிக் இன்னான்னா, செஸ் போர்டுல குதிரை எப்டி தாவும்? கீழ ஒரு கட்டம், சைடுல ரெண்டு கட்டம். அப்டி தாவித் தாவிதான் படிக்கணும்! அதுவும் மொத்தமா இல்ல, மேல 9 வரி தனி, அடுத்த 9 வரி தனி, கடைசி 2 வரிக்கு வேற ரூட்டு, ஒரே எழுத்துக்கு நாலஞ்சு சிம்பல் வேற. இதுல காமெடி, நடுவுல அவனே ஒரு இடத்துல ஒரு கட்டம் தள்ளி எழுதி சொதப்பிட்டான், அதனால உடைக்கிறது இன்னும் பேஜாராயிடுச்சு.

2020 டிசம்பர்ல உடைச்சது மூணு பேரு. அமெரிக்கால டேவிட் ஓரன்சாக், ஆஸ்திரேலியால சாம் பிளேக், பெல்ஜியத்துல யார்ல் வான் ஐக். கணக்குல புலியான பிளேக், படிக்கிற வழிய மட்டும் 6.5 லட்சம் விதமா ரெடி பண்ணாரு, அதையெல்லாம் வான் ஐக் எழுதுன சாஃப்ட்வேர்ல போட்டு ஓட்டுனாங்க. அந்த வான் ஐக் எங்க வேலை செஞ்சாரு தெரியுமா? குடோன்ல! ஹார்பர் பக்கம் லோடு கணக்கு பாக்குற அண்ணனுங்க காலர தூக்கி விட்டுக்கோங்க, எனக்கு இந்த கேஸ்லயே புடிச்ச ஆளு இவருதான்.

சரி உள்ள இன்னா இருந்துச்சு? என்ன தேடுறது உங்களுக்கு ஜாலியா இருக்கும்னு நம்புறேன், டிவி ஷோல 'நான்தான் சோடியாக்'னு பேசுனது நான் இல்ல, கேஸ் சேம்பருக்கு, அதான் விஷவாயு விட்டு மரண தண்டனை குடுக்குற ரூமுக்கு, எனக்கு பயமில்ல, செத்தா சீக்கிரமா சொர்க்கம், அங்க எனக்கு அடிமைங்க இருக்காங்க. அவ்ளோதான்! பேரு கிடையாது, ஊரு கிடையாது, பாரடைஸுக்கு ஸ்பெல்லிங் கூட தப்பு. இவனப் போய் ஜீனியஸ்னு சொல்றாங்க, என்னக் கேட்டா வெறும் சீன் பார்ட்டி.

ஆர்தர் லீ ஆலன்னு ஒருத்தர் மேல போலீஸுக்கு பயங்கர டவுட்டு, ஆனா கைரேகை ஒத்துப்போகல, அவரும் 1992ல செத்துட்டாரு.

1970 ஏப்ரல்ல 'என் பேரு'ன்னு எழுதி, பக்கத்துல 13 சிம்பல் போட்டு அனுப்புனான். அது இன்னும் அப்டியே கெடக்குது, அவ்ளோ சின்னதுல எந்தப் பேர சொருகுனாலும் உக்காந்துக்கும். அதனால மக்களே, லைக் போடுங்க, ஷேர் பண்ணுங்க, உங்க ஹவுஸ் ஓனர் பேரு கரெக்டா 13 எழுத்துன்னு மட்டும் கமெண்ட்ல வராதீங்க.