எது சரி, சேர்?

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பில் இருபது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். தொடக்க காலத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் எழும்பிக் கேட்டான். "சேர், இறைவன் உலகத்தைப் படைத்தார் என்று சமய பாடத்தில் எழுதினால் புள்ளி கிடைக்கும். உங்கள் பாடத்தில் எழுதினால் பிழை போடுவீர்கள். எது சரி?"

நான் யோசிக்கவேயில்லை. "மனே, இதில் சண்டையே இல்லை. புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி என்று மாணிக்கவாசகர் பாடினாரே, டார்வின் சொன்ன கூர்ப்பு அதுதான்" என்றேன். வகுப்புக்கே சந்தோஷம். எனக்கும் பெருமை.

அது பிழை என்று விளங்கப் பல வருடம் சென்றது. சிவபுராணம் உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த அடிகளைத் தொடர்ந்து சொல்லிப் பாருங்கள். பறவையாய்ப் பாம்பாகி, பிறகு கல்லாய், அப்புறம்தான் மனிதராய், அதற்கும் பிறகு பேயாய்க் கணங்களாய். பாம்புக்குப் பிறகு கல் வருகிற கூர்ப்பு எங்கே இருக்கிறது? அது முடிகிற இடத்தையும் பாருங்கள். "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்." இளைத்தேன். களைத்துப்போனேன் என்று ஒருவர் இறைவனிடம் அழுகிறார். டார்வின் பேசியது தலைமுறை தலைமுறையாக ஓர் இனம் மாறிவருவதைப் பற்றி. அங்கே களைக்க ஒருவரும் இல்லை. அந்த அழுகையை நான் உயிரியல் பாடமாக்கினேன். பிள்ளைக்குக் கூர்ப்பும் விளங்கவில்லை, திருவாசகமும் விளங்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு மனிதரைச் சொல்லவேண்டும். ஜோர்ஜ் லெமேத்ர். பெல்ஜியம் நாட்டவர். கத்தோலிக்கக் குருவானவர், பௌதிகவியலாளரும்கூட. அண்டம் விரிகிறது என்று 1927இல் கணக்குப் போட்டுக் காட்டினார். விரிகிறதென்றால் பின்னோக்கிப் போகப் போக எல்லாம் ஓர் அணுப்போல ஒடுங்கிக் கிடந்த தொடக்கம் இருக்கவேண்டும் என்று 1931இல் சொன்னார். இன்று பெருவெடிப்பு, 1380 கோடி வருடம் என்று பிள்ளைகள் படிப்பது அதிலிருந்து வளர்ந்ததுதான்.

1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், இந்த விஞ்ஞானம் படைப்பு நம்பிக்கைக்குத் துணை நிற்கிறது என்ற கருத்தில் உரையாற்றினார். எந்தக் குருவானவர்தான் மகிழமாட்டார்? லெமேத்ர் மகிழவில்லை. தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. அடுத்த வருடம் வானியலாளர்கள் முன் பேசியபோது பாப்பரசரும் அந்தக் கருத்தை மறுபடி சொல்லவில்லை.

விஞ்ஞானக் கணக்கு நாளைக்குத் திருத்தப்படலாம். அதில் கொண்டுபோய் இறைவனைக் கட்டினால், வாவியில் மிதக்கிற ஆற்றுவாழையில் தோணியைக் கட்டியது மாதிரி. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லெமேத்ர் 1966இல் காலமானார். அதற்குச் சற்று முன், அவர் நோயாக இருந்தபோது, அந்தத் தொடக்க காலத்தின் மிச்சக் கதிர் பிடிபட்ட செய்தி அவரிடம் வந்து சேர்ந்தது. பழைய அன்டெனா தொலைக்காட்சியில் சனல் இல்லாத இடத்தில் புள்ளி புள்ளியாக இரையுமே, அதில் ஒரு சிறு பங்கு அந்தக் கதிர்தான். எத்தனை பேர் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு அன்டெனாவைத் திருப்பியிருப்போம்!

சரி, நம்முடைய சைவ சித்தாந்தத்துக்கு வருவோம். பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற தளை, மூன்றும் அனாதி, தொடக்கம் இல்லாதவை. குயவன் மண்ணெடுத்துச் சட்டி வனைவதுபோல இறைவன் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து உலகைத் தோற்றுவிக்கிறான். மண் ஏற்கெனவே இருக்கிறது. நம் கிறிஸ்தவ, முஸ்லிம் அயலவர்களோ, இல்லாமையிலிருந்து இறைவன் உண்டாக்கினான் என்று நம்புகிறார்கள். இந்த இரண்டையும் பெருவெடிப்பு நிரூபித்துவிட்டது என்று வெவ்வேறு மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஒரே சாட்சி எதிரெதிர் வழக்குக்கு எப்படிச் சாட்சி சொல்லும்?

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உணர்வைப் பற்றித்தான் விரிவாகப் பேச வந்தேன். சுருக்கிச் சொல்கிறேன். என் வீடு என்பதுபோல என் உடல் என்கிறோமே, அப்படிச் சொல்கிறவர் யார் என்று 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் கேட்டார். மூளையின் வேலையை முழுக்க விளக்கினாலும் அது ஏன் ஒருவருக்கு வலியாகவும் வாசனையாகவும் இருக்கிறது என்பது மிஞ்சி நிற்கிறது என்று 1995இல் தத்துவவியலாளர் டேவிட் சால்மர்ஸ் எழுதினார். எவ்வளவு மயக்க மருந்து ஏற்றினால் நினைவு போகும் என்று வைத்தியருக்குத் தெரியும். போனது என்ன? அதற்காக, மெய்கண்டார் வென்றுவிட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். கேள்விகள் அயலில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, துறவி, ஒலியின் கணக்கை வைத்துப் பழைய யாழைத் தேடியவர். அவருக்கென்று வைத்திருந்த பகுதிக்கு நேரமில்லை.

அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தால், மனே, அன்று நான் சொன்ன பதிலை வெட்டிவிடு. உன் கேள்வி சரியாகத்தான் இருந்தது.

வணக்கம்.