கார் ரேடியோவில் குறை எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்களில் சிலருக்கு என் குரலோடு கரகரப்பும் சேர்ந்தே வந்துகொண்டிருக்கலாம். கார் ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்றதும் செட்டையே மாற்றிவிடுவோம் என்று, கார் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குக் கிளம்பிவிடுவது நம் சென்னை வழக்கம். ஆனால் நான் பிரித்துப் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் செட் நன்றாகவே இருந்தது; ஆண்டெனாவிலோ, எர்த்திலோ, ஒயர் இணைப்பிலோதான் கோளாறு.

முதலில் ஒரு பென்டிரைவைச் செருகிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். பாட்டு தெளிவாக ஒலித்து, ரேடியோ மட்டும் கரகரத்தால், அலை வந்து சேரும் வழியில் குறை. இரண்டுமே கெட்டுப்போய் ஒலித்தால், ஸ்பீக்கர் பக்கமோ மின்சாரப் பக்கமோ குறை. இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அலை வரும் வழியில் முதலில் பார்க்க வேண்டியது கூரையில் நிற்கும் ஆண்டெனா. எஃப்எம் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர்; அதில் கால் பங்கான 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் நன்றாக வாங்கும். இப்போது வரும் குட்டையான ஆண்டெனாக்களும், சுறாத் துடுப்பு வடிவில் வருபவையும் அந்த நீளக் குறைவை ஈடுகட்ட, அலையை வலுப்படுத்தும் ஒரு சிறிய பெருக்கியைப் பெரும்பாலும் உள்ளே வைத்திருக்கின்றன. பழைய செட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிறவர் அந்தப் பெருக்கிக்கு 12 வோல்ட் கொடுக்கும் ஒயரை, பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பதை, இணைக்காமல் விட்டுவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செட்டானாலும் கரகரக்கத்தான் செய்யும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் வண்டியை வெளியில் நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆண்டெனாவின் அடி நட்டைக் கழற்றினால், உப்புக்காற்று பட்டுப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, கூரைத் தகட்டின் வெற்று உலோகம் படும்படி இறுக்கினால் பல நாள் கரகரப்பு உடனே அடங்கிவிடும்.

சில வண்டிகளில் 102.3 எஃப்எம் நிலையம் கணீரென்று கேட்கும், 101.4 நிலையம் மட்டும் மங்கலாகவே இருக்கும். இது ஆண்டெனாவின் குற்றம் அன்று. அமெரிக்காவுக்கென்று அமைக்கப்பட்ட செட், எஃப்எம்மில் 101.3, 101.5 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளிலேயே தாவிச் செல்லும். நடுவில் இருக்கும் 101.4 அதற்கு அகப்படாது. செட்டிங்கில் நாட்டை மாற்றினால் போதும். 720 கிலோஹெர்ட்ஸில் மத்திய அலை கேட்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை: மத்திய அலையில் அமெரிக்க செட் 10 கிலோஹெர்ட்ஸாகவும், நம் செட் 9 கிலோஹெர்ட்ஸாகவும் தாவும்; இரண்டாலும் 720 மீதியின்றி வகுபடும்.

போக்குவரத்து சிக்னலில் நின்றிருக்கும்போது கரகரத்து, வண்டி இரண்டடி நகர்ந்ததும் தெளிவாகிவிட்டால் கவலைப்பட வேண்டாம். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலை, நேரே வரும் அலையோடு மோதும் இடத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இரைச்சல் வண்டிக்குள்ளிருந்தே பிறப்பதும் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஊளைச் சத்தமும் ஏறினால், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரின் மின்னலைகள் தளர்ந்த எர்த் வழியாக உள்ளே வருகின்றன என்று சந்தேகிக்கலாம்; செட்டின் எர்த்தான கறுப்பு ஒயரை எங்கே முடிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். என் வண்டியில் முன்கண்ணாடியில் கேமரா மாட்டிய அன்றே ரேடியோ மங்கிவிட்டது. ஆண்டெனாவைத்தான் இரண்டு நாள் குடைந்தேன். மூன்றாம் நாள் தற்செயலாகக் கேமராவின் சார்ஜரைப் பிடுங்கியபோது நிலையம் தானாகத் திரும்பி வந்தது. கேமரா ஒயர் ஆண்டெனா கேபிளை ஒட்டியே முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் ஓடியிருந்தது. அதை எதிர்ப்பக்கத் தூணுக்கு மாற்றி, ஒயரில் வரும் இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையமும் போட்ட பிறகுதான் நிம்மதி. ஆகவே மலிவு சார்ஜர், எல்இடி விளக்கு எது புதிதாக வந்திருந்தாலும், அதை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

பாட்டும் கெட்டு ஒலிக்கிறது என்றால் ஸ்பீக்கருக்கு வருவோம். சத்தம் இருக்கிறது, அடித்தொனி மட்டும் காணோம் என்றால், ஒரு பக்க ஸ்பீக்கரின் ஒயர்கள் தலைகீழாக மாறியிருக்கக்கூடும். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றொன்று பின்னால் இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஸ்பீக்கரின் இரு ஒயர்களையும் செட்டிலிருந்து பிரித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல்லின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால், செல்லின் பாசிட்டிவ் தொட்ட ஒயர்தான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ்.

இந்த வேலைக்காகக் கதவின் உள்பலகையைக் கழற்றினால், அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து, மீண்டும் ஓரம் விடாமல் ஒட்டிவிடுங்கள். கண்ணாடி இடுக்கில் இறங்கும் ஐப்பசி மழைநீரிலிருந்து ஸ்பீக்கரைக் காப்பது அந்தத் தாள்தான். நன்றி, வணக்கம்.