கல்லூரியின் தொழில்நுட்பத் திட்டத்தைப் பெற்றோர் எப்படி எடைபோடுவது?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: “என் மகள் படிக்கும் கல்லூரி, பாடங்களை இணையத்துக்கு மாற்ற ஐந்தாண்டுத் திட்டம் போட்டிருக்கிறது. பெற்றோரிடம் கருத்துக் கேட்கிறார்கள். எனக்குக் கணினியே தெரியாது. நான் என்ன சொல்ல முடியும்?”

நிறையவே சொல்லலாம், அம்மா. என்னென்ன வாங்கப்போகிறார்கள் என்ற பக்கங்களைத் தள்ளிவிடுங்கள். உங்கள் மகள் எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து, எதில் பாடத்தைத் திறப்பாள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? அதைத் தேடுங்கள்.

2020 ஊரடங்கில் நம் தென்னாப்பிரிக்க மாணவர்களுக்கு மாதம் 30 ஜிபி டேட்டா என்று அறிவித்தார்கள். கேட்கப் பெரிதாக இருந்தது. பகலுக்கு உரியது அதில் 10 ஜிபிதான். மீதி 20 ஜிபி இரவு டேட்டா. ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருந்துதான் செலவழிக்க வேண்டும். காணொளி வகுப்பு மணிக்கு அரை ஜிபி இழுக்கும் என்று வைத்துக்கொண்டாலும், பகல் பங்கு இருபது மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மாதம் முழுவதற்கும் அவ்வளவுதான்! ஜிபி கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. பிள்ளைகளுக்குத் தெரியும்.

மின்சாரம் போதாதபோது பகுதி பகுதியாக முறைவைத்து நிறுத்தும் லோட் ஷெடிங்கும் அப்படித்தான். கட்டம் ஏற ஏற மின்வெட்டு கூடும். 2023-இல் ஆறாம் கட்டம் வரை போனதே, மறக்க முடியுமா? வீட்டில் வைஃபை அணையும். மின்வெட்டு நீண்டால் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து சிக்னல் போய்விடும். அன்றைக்கு ஒப்படைப்புக்குக் கடைசி நாளாக இருந்தால் என்ன செய்வார்கள்? பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு பிறகு படிக்க வழி உண்டா? இதற்கு விடை இல்லாத திட்டத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி என்று மட்டும் போட்டிருந்தால் விடாதீர்கள். புதிதாகப் பாடம் அமைக்க அவர்களுக்கு வகுப்புச் சுமையைக் குறைக்கிறார்களா என்று கேளுங்கள். மென்பொருள் உரிமத்துக்கு ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இன்று எத்தனை பேர் தேர்ச்சி பெறுகிறார்கள், எத்தனை பேர் பாதியில் நிற்கிறார்கள் என்ற எண்ணிக்கையை இப்போதே பதிந்து வைத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால், ஐந்தாண்டு கழித்து எதோடு ஒப்பிட்டு ‘முன்னேறிவிட்டோம்’ என்பார்கள்?

கருத்துச் சொல்ல இன்னும் நாள் இருந்தால், மகளை ஒரு வாரம் குறித்து வைக்கச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் பாடம் திறந்தாள், எவ்வளவு டேட்டா போனது, எப்போது அறுந்தது. அந்தத் தாளை உங்கள் கேள்விகளோடு இணைத்துக் கொடுங்கள், அம்மா.