அத்தை கல்யாண விசிடில 352 x 288ன்னு இருக்கே, அது யாரு வெச்ச நம்பரு?

வணக்கம் மக்களே. மேல் வீட்ல டிரில் ஓடுது, மைக்ல விழுந்தா கண்டுக்காதீங்க.

போன வாரம் எங்க சின்ன அத்தை ஒரு வேலை குடுத்தாங்க, 2001ல நடந்த அவங்க கல்யாண விசிடிய பென் டிரைவ்ல ஏத்திக் குடுடான்னு. மூணு டிஸ்க்கு, மூணாவது ரிசப்ஷன் பாதியிலயே சிக்கி நின்னுடுது, அது வேற கதை. உள்ள டேட் ஃபைல், ஞாபகம் இருக்கா, எக்ஸ்டென்ஷன எம்பிஜின்னு மாத்தி ஓட்டுவோமே அதேதான். பிராபர்ட்டீஸ்ல பாத்தா 352 x 288. உடனே பட்டன் போன் காலத்துல புளூடூத்ல அனுப்பிக்கிட்ட 3ஜிபி வீடியோ ஞாபகம் வந்துச்சு, அது 176 x 144, நீளத்துலயும் பாதி, உயரத்துலயும் பாதி. அது என்ன 352? 300, 400ன்னு ரவுண்டா வெச்சிருக்கலாம்ல?

விஷயம் என்னன்னா இது சினிமாவுக்கோ கல்யாணத்துக்கோ வந்த சைஸே இல்ல. வீடியோ கான்ஃபரன்ஸுக்கு வந்தது.

1980கள்ல டிவி உலகத்துல ரெண்டு பெரிய கட்சி. அமெரிக்கா, ஜப்பான் பக்கம் என்டிஎஸ்சிங்கற ஒளிபரப்பு முறை, படத்துக்கு 525 படுக்கைக் கோடு, செகண்டுக்கு 30 ஃபிரேம், கரெக்டா சொன்னா 29.97, ஏன்னா 1953ல கலர் சேக்கும்போது சவுண்ட் சிக்னலோட மோதாம இருக்க ஒரு துளி குறைச்சாங்க. ஐரோப்பால பெரும்பாலும் பால், நம்ம தூர்தர்ஷனும் பால்தான், குடிக்கிற பால் இல்ல, 625 கோடு, 25 ஃபிரேம். அதுல படம் தெரியறது என்டிஎஸ்சில 480, பால்ல 576 கோடுதான். இப்ப டோக்கியோ ஆபீஸ்ல இருக்கறவர் லண்டன்காரர்கிட்ட முகம் பாத்து பேசணும்னா யாரு ஃபார்மட்ல பேசறது? 1984ல எச்.120ன்னு வீடியோவ சுருக்கி அனுப்பற முறை ஒன்னு வந்துச்சு, 1.5லேருந்து 2 எம்பிபிஎஸ் வரைக்கும் லைன் கேக்கும், படமும் சுமார்தான், ஓடல.

அப்பறம் சிசிஐடிடி, ஐடியுங்கற உலகத் தொலைத்தொடர்பு அமைப்புல தரம் வகுக்கற பிரிவுக்கு அப்ப இருந்த பேரு, அங்க ஒரு நிபுணர் குழு உக்காந்துச்சு, தலைவர் ஜப்பான்காரர் சகாயே ஓகுபோ. அவங்க பண்ணது சுத்தமான ஊர்ப் பஞ்சாயத்துங்க. கோடு ஐரோப்பாவோடது, 576ல பாதி 288. ஃபிரேம் ரேட் அமெரிக்கா ஜப்பானோடது, 29.97. பால் வீட்டுக்காரன் ஃபிரேம மாத்திக்கணும், என்டிஎஸ்சி வீட்டுக்காரன் கோட்ட மாத்திக்கணும், ரெண்டு பேருக்கும் செலவு, ரெண்டு பேருக்கும் கொஞ்சம் வயித்தெரிச்சல், எனக்கு இந்தக் கதைல ரொம்பப் புடிச்ச இடமே இதுதான். பேரு சிஐஎஃப். இத வெச்சு எழுதினதுதான் எச்.261ங்கற அடுத்த சுருக்கற முறை, முதல் வடிவம் 1988ல.

சரி 352? ஸ்டூடியோல டிஜிட்டலாக்கும்போது கோட்டுக்கு 720 பிக்சல், இது 1982லயே ரெண்டு கட்சியும் ஒத்துக்கிட்டது. பாதி 360. ஆனா கோடெக், அதாவது வீடியோவ சுருக்கி விரிக்கறது, படத்த 16க்கு 16 கட்டமாத்தான் வெட்டும், 360 பதினாறால வகுபடாது, அதனால ஓரத்த நறுக்கி 352. அகலத்துல 22 கட்டம், உயரத்துல 18. போன் வீடியோவுக்கு 11க்கு 9, வெறும் 99 கட்டம். இப்ப நான் எடுக்கற 1080ம் பதினாறால வகுபடாது தெரியுமா, எச்.264ங்கற பின்னாடி வந்த கோடெக் உள்ளுக்குள்ள 1088ஆ வெச்சுட்டு மிச்ச 8 கோட்ட மறைச்சுக்கும்.

அப்பறம் சுருக்கற கதை. சிஐஎஃப் படத்த அப்படியே அனுப்பினா செகண்டுக்கு 36 மெகாபிட்டு கிட்ட வரும், ஐஎஸ்டிஎன்னு அப்ப இருந்த டிஜிட்டல் போன் லைன்ல சேனல் ஒன்னு 64 கிலோபிட். எச்.261 ஒரு சேனல்லேருந்து 30 சேனல் வரைக்கும் சேத்துக்கலாம்னு சொல்லுச்சு, அப்பவும் 2 மெகாபிட்டுக்குள்ளதான். அதனால முந்தின ஃபிரேம்ல இந்தக் கட்டம் எங்க இருந்துச்சுன்னு தேடி, "அதையே இந்தப் பக்கம் கொஞ்சம் நகத்தி வெச்சுக்கோ"ன்னு மட்டும் அனுப்பும், மிச்சம் இருக்கற வித்தியாசத்த டிசிடின்னு ஒரு கணக்குல போட்டு கண்ணுக்கு அவ்வளவா தெரியாதத கழிச்சுடும். அந்த டிசிடி நசீர் அகமதுன்னு பெங்களூர்ல பொறந்தவரோடது. 1972ல இத ஆராய அமெரிக்க அறிவியல் நிதி அமைப்புகிட்ட காசு கேட்டாரு, ரொம்ப சிம்பிளா இருக்குன்னு குடுக்கல. 1974ல நடராஜன், கே.ஆர்.ராவ் கூட சேந்து பேப்பர் போட்டாரு. வாட்ஸ்அப்ல தினம் வர குட் மார்னிங் ஜேபெக் படத்துலயும் அந்தக் கணக்குதான் ஓடுது.

எம்பெக்-1ங்கற வீடியோ சுருக்கற முறையும் இந்த வழியிலயே வந்துச்சு, விசிடி அதுல வந்துச்சு. சிடி சுத்தற வேகத்துக்கு வீடியோவுக்கு 1150 கிலோபிட்டுதான் ஒதுக்க முடியும், அதுக்கு மேல ஒரு பிட்டு கேட்டாலும் கிடையாது. அதனாலதான் அத்தை வீடியோல அய்யர் மந்திரம் சொல்ற வரைக்கும் படம் ஜம்முனு இருக்கும், தாலி கட்டற செகண்டுல எல்லாரும் அட்சதை போடுவாங்க பாருங்க, மாமா மூஞ்சி கட்டம் கட்டமா உடைஞ்சுடும். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் பறக்குது, முந்தின ஃபிரேம்லேருந்து எதத்தான் நகத்தறது, பிட்டு பத்தல. கல்யாணத்துலயே முக்கியமான சீனு அது.

இன்னொரு கூத்து, விசிடி வந்தப்ப அந்தப் பஞ்சாயத்து கலைஞ்சுபோச்சு. பால் ஊருக்கு 352 x 288, 25 ஃபிரேம், என்டிஎஸ்சி ஊருக்கு 352 x 240, 29.97. டிஸ்க்க கண்டம் தாண்டி யாரு பேசப்போறாங்க, அவனவன் ஊர்ல அவனவன் பாத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க போல.

கடைசியா, 352ஐ 288ஆல வகுத்துப் பாருங்க, டிவியோட 4:3 வராது, ஏன்னா அந்த பிக்சல் சதுரமே இல்ல. கம்ப்யூட்டர் சதுரமா காட்டினா எல்லாரும் லேசா ஒல்லியாயிடுவாங்க. நான் மொதல்ல தெரியாம அப்படியே காப்பி பண்ணி அனுப்பிட்டேன், அப்பறம் மனசு கேக்காம 384 x 288க்கு இழுத்து சரி பண்ணி திரும்ப அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்கு அத்தை போன் பண்றாங்க, "டேய், ரெண்டாவது அனுப்பினியே அதுல நான் குண்டா இருக்கேன், மொதல்ல அனுப்பினதே இருக்கட்டும், இத அழிச்சுடு"ங்கறாங்க.